கூலி நெல்லா, காசா? விடுதலை இயக்கத் தெலுங்கு நாவல்களைச் சேரியிலிருந்து வாசித்தல்

ஓசூரிலிருந்து சில கிலோமீட்டர் தொலைவில் தொரப்பள்ளி என்ற ஊர் இருக்கிறது. இராஜாஜி 1878இல் பிறந்த ஊர். அவர் பிறந்த வீடு இன்று நினைவில்லமாகப் பராமரிக்கப்படுகிறது. 1937இல் சென்னை மாகாணத்தின் பிரதம அமைச்சராக அவர் பொறுப்பேற்றபின் அவரது அமைச்சரவை செய்த காரியங்களில் ஒன்றைப் பாடநூல்கள் பொதுவாகச் சொல்வதில்லை. ஒரு தெலுங்கு நாவலின் மீதிருந்த தடையை அந்த அமைச்சரவை நீக்கியது. நாவலின் பெயர் 'மாலபள்ளி'. தமிழில் சொன்னால் மாலர் சேரி.

ஓசூரில் நாங்கள் நடத்தும் வாசிப்பு வட்டத்தில் ஒரு கல்லூரி மாணவி கேட்ட கேள்வியே இக்கட்டுரைக்குத் தூண்டுதல். அவர் வீட்டில் பேசுவது தெலுங்கு. பள்ளியில் படித்தது தமிழ். தெலுங்கு எழுத்து அவருக்குத் தெரியாது. "தோழர், எங்க வீட்டு மொழியில எங்களைப் பத்தி யாராவது எழுதியிருக்காங்களா?" என்று கேட்டார். எழுதியிருக்கிறார்கள். 1922இலேயே, விடுதலைப் போராட்டத்தின் நடுவிலேயே எழுதப்பட்டது. ஆனால் யார் எழுதினார்கள், எதை எழுதினார்கள், எதை விட்டார்கள் என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் அக்கேள்விக்கு நேர்மையான விடை கிடைக்கும். விடுதலை இயக்கத்தைப் பின்புலமாகக் கொண்ட முக்கியமான தெலுங்கு நாவல்களை அந்த நோக்கில் இக்கட்டுரை அறிமுகம் செய்கிறது. வெள்ளையர் வெளியேறும் கதைகளுக்குள் சேரியின் கூலிக் கணக்கு என்னவாயிற்று என்பதே நாம் தொடரப்போகும் கேள்வி.

எழுதியவர், எழுதிய இடம்

'மாலபள்ளி'யை எழுதிய உன்னவ லட்சுமிநாராயணா (1877–1958) குண்டூர் மாவட்டத்துப் பிராமணர். அயர்லாந்து சென்று சட்டம் பயின்று பாரிஸ்டர் ஆனவர். விதவை மறுமணத்தை முன்னின்று நடத்தியவர். மனைவி லட்சுமிபாயம்மாவுடன் சேர்ந்து குண்டூரில் பெண்கல்விக்காக சாரதா நிகேதனத்தை நிறுவியவர். ஒத்துழையாமை இயக்கத்தில் இறங்கியபின் வழக்குரைஞர் தொழிலைக் கைவிட்டார்.

1921இல் குண்டூர் மாவட்டத்தின் பல்நாடு பகுதியில் வனச் சத்தியாக்கிரகம் நடந்தது. காட்டில் மாடு மேய்க்கவும் விறகெடுக்கவும் அரசு விதித்த கட்டணங்களை மக்கள் எதிர்த்தனர். அப்போராட்டத்தின் தொடர்பில் கைதான உன்னவா, சிறையில் இருந்தபோது இந்நாவலை எழுதினார். 1922இல் அது அச்சேறியது. அதன் துணைத் தலைப்பு 'சங்கவிஜயம்'. நாயகன் சங்கதாசுவின் வெற்றி என்றும், சங்கத்தின் வெற்றி என்றும் இருபொருள் தரும் தலைப்பு அது.

காலத்தையும் இடத்தையும் கவனிக்க வேண்டும். அதே 1921–22இல் அதே குண்டூர் மாவட்டத்தில் பெதநந்திபாடு வரிகொடா இயக்கம் நடந்தது. வெள்ளை அரசுக்கு நிலவரி கட்ட மறுத்தவர்கள் நிலமுள்ள உழவர்கள். அவர்களின் நிலங்களில் உழைத்தவர்கள் மாலர்களும் மாதிகர்களும். மேலே இருப்பவனுக்கு வரி கொடுக்க மறுப்பது விடுதலைப் போர் எனப் போற்றப்பட்டது. கீழே இருப்பவன் தனக்குரிய கூலியைக் கேட்டால் அதற்கு என்ன பெயர்? உன்னவாவின் நாவல் இந்த இடத்தில்தான் கை வைத்தது.

கதையின் மையத்தில் ஒரு கூலித் தகராறு

ராமதாசு ஒரு மாலர், வைணவ பக்தர், யாருக்கும் தீங்கு நினையாதவர். அவர் மனைவி மகாலட்சுமி. பிள்ளைகள் வெங்கடதாசு, சங்கதாசு, ரங்கடு, ஜோதி. சங்கதாசு சௌதரய்யா என்ற நிலக்கிழாரின் பண்ணையில் வேலை செய்கிறான். நிலக்கிழாரின் மகன் ராமநாயுடு அவனுடைய நண்பன். இருவரும் காந்தியின் கருத்துகளால் ஈர்க்கப்பட்டவர்கள். சாதியைக் கடந்த நட்பு, ஊர்ச் சீர்திருத்தம், சேரிக்குக் கல்வி என்று கதை நகர்கிறது. இதுவரை படிப்பவருக்கு இது இன்னொரு தேசியச் சீர்திருத்த நாவலாகவே தோன்றும்.

பிறகு கூலிப் பிரச்சினை வருகிறது. முதல் உலகப்போரை ஒட்டித் தானிய விலை ஏறுகிறது. வழக்கமாகத் தானியமாக அளந்து வந்த கூலியை இனிக் காசாகத் தருவோம் என்கிறார்கள் நிலக்கிழார்கள். கேட்பதற்கு நவீனமான ஏற்பாடாகத் தோன்றும். ஆனால் கூலிக்காரர்களுக்குக் கணக்குத் தெரியும். நெல் ஏறினால் நெல்லாக வாங்குபவனின் கூலியும் தானாக ஏறும். காசாக வாங்குபவனின் கூலி அங்கேயே நிற்கும், அரிசிப் பானை மட்டும் சுருங்கும். அவர்கள் வேலைக்குப் போக மறுக்கிறார்கள். சங்கதாசு அவர்கள் பக்கம் நிற்கிறான். சௌதரய்யா அவனை அடித்துக் கொல்கிறார்.

நாவலின் நல்லவனும், காந்தியத்தை நம்பியவனும், நிலக்கிழாரின் மகனுக்கே நண்பனுமான ஒருவன் கூலிக் கேள்வியில் உயிரிழக்கிறான். கோயிலுக்குள் நுழைந்ததற்காகவோ கிணற்றில் நீர் எடுத்ததற்காகவோ நடந்த கொலையாக ஆசிரியர் இதை அமைத்திருக்கலாம். அவர் கூலியைத் தேர்ந்தெடுத்தார். தீண்டாமை என்பது நிலத்தோடும் உழைப்போடும் கட்டப்பட்டது என்பதை 1922இல் ஒரு காங்கிரஸ்காரர் இவ்வளவு தெளிவாகக் கண்டது சாதாரணமன்று. 1917 ரஷ்யப் புரட்சியின் எதிரொலியை இந்நாவலில் பல திறனாய்வாளர்கள் காண்பதற்கும் இதுவே காரணம்.

சங்கதாசுவின் சாவுக்குப் பிறகு கதை இரண்டாகப் பிரிகிறது. அவன் நினைவாகச் சங்கபீடம் எழுகிறது. அது சீர்திருத்தத்தின் வழி. அண்ணன் வெங்கடதாசு 'தக்கெள்ள ஜக்கடு' என்ற பெயரில் செல்வர்களைக் கொள்ளையடித்து ஏழைகளுக்குப் பகிரும் கூட்டத்தின் தலைவனாகிறான். அது பழிவாங்கலின் வழி. ராமதாசுவின் குடும்பம் சிறையையும் குற்றப் பரம்பரையினருக்கென அமைக்கப்பட்ட 'செட்டில்மெண்ட்' வாழ்வையும் காண்கிறது. 1911இன் குற்றப் பரம்பரைச் சட்டம் சென்னை மாகாணத்தில் அமலில் இருந்த காலம் அது. குண்டூர் வட்டாரத்திலேயே சால்வேஷன் ஆர்மியின் பொறுப்பில் ஸ்டூவர்ட்புரம் குடியிருப்பு இயங்கிக்கொண்டிருந்தது. சிறையின் உள்ளே நடப்பவற்றை உன்னவா விரிவாக எழுதுகிறார். அவற்றைக் கம்பிக்குள்ளிருந்து பார்த்தவர் அவர்.

தடையும் தடை நீக்கமும்

வெளிவந்த சிறிது காலத்திலேயே சென்னை அரசு நாவலைத் தடை செய்தது. சில மாற்றங்களோடு 1928இல் மீண்டும் வெளியாக இடம் கிடைத்தது. 1936இல் மறுபடியும் தடை வந்தது. 1937இல் காங்கிரஸ் ஆட்சிக்கு வந்தபிறகே அது விலகியது.

இத்தடையை வெள்ளை ஏகாதிபத்தியத்துக்கும் தேசிய எழுத்துக்கும் இடையிலான மோதலாக மட்டும் சொல்வது வழக்கம். நாவல் அரசை எதிர்த்தது என்பது உண்மையே. ஆனால் அன்றைய தெலுங்கில் தேச பக்தி எழுத்துக்குப் பஞ்சமில்லை. கூலிக்காரர்கள் கூட்டாக வேலையை நிறுத்தும் காட்சியையும், ஒரு மாலன் துப்பாக்கிக்கும் சிறைக்கும் அஞ்சாமல் சொத்தைப் பறித்துப் பகிரும் காட்சியையும் ஒரே நூலில் வைத்ததே இதை வேறுபடுத்தியது. நிலவுடைமையாளர்களின் வரியில் நிற்கும் எந்த அரசுக்கும் அக்காட்சிகள் உவப்பானவை அல்ல.

தடையை நீக்கிய இராஜாஜி அரசின் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். பொதுக் கிணறு, சாலை முதலியவற்றில் தீண்டாமையைத் தடுக்கும் சமூகக் குறைபாடுகள் நீக்கச் சட்டம் 1938இல் அவ்வாட்சியில் நிறைவேறியது. அதே 1938இல் எம்.சி. இராஜா முன்வைத்த கோயில் நுழைவு மசோதாவை அவ்வரசு ஆதரிக்க மறுத்து, மலபாருக்கு மட்டுமான மசோதாவோடு நின்றுகொண்டது. நூலாக ஒரு சேரியை அனுமதிப்பதும், கோயில் வாசலில் ஒரு சேரியை அனுமதிப்பதும் அவர்களுக்கு ஒன்றாக இருக்கவில்லை. தொரப்பள்ளி நினைவில்லத்துக்குச் சுற்றுலா போகும் கல்லூரி மாணவர்கள் இவ்விரண்டையும் சேர்த்தே நினைவில் கொள்ளட்டும்.

'மாலபள்ளி'யின் எல்லை

இவ்வளவு சொன்னபின் இந்நாவலின் குறைகளையும் சொல்ல வேண்டும். மாலரை மையமாக வைத்த கதை இது. எழுதியவர் மாலர் அல்லர். அதன் சுவடு ராமதாசுவின் படைப்பில் தெரிகிறது. அவர் பக்தர், தத்துவம் பேசுபவர், பொறுமையின் வடிவம். சாதி இந்துவின் இரக்கத்துக்குத் தகுதியானவராக ஒரு தலித் முதலில் வைணவ ஒழுக்கத்தில் தேர்ச்சி பெற்றாக வேண்டியிருக்கிறது. கோபக்காரனான வெங்கடதாசுவுக்குக் கதை அனுதாபம் தருகிறது, வழி தரவில்லை. அவன் பிடிபட்டு மடிகிறான். வெற்றி சங்கபீடத்துக்கே. அதாவது, சேரியின் துயரம் மையத்தில் இருக்கிறது. தீர்வின் கடிவாளம் சேரிக்கு வெளியே இருக்கிறது.

இரண்டாவது குறை நம் பகுதிக்கு நேரடியாகத் தொடர்புடையது. தலைப்பில் இருப்பது மாலர் சேரி. ஊரின் கடைக்கோடியில் இருக்கும் மாதிகர் சேரி இந்நாவலின் மையத்தில் இல்லை. ஓசூர், கிருஷ்ணகிரிப் பகுதியில் வீட்டில் தெலுங்கு பேசும் தலித்துகளில் பலர் மாதிகா, அருந்ததியர், ஆதி ஆந்திரர் என்ற பெயர்களில் சாதிச் சான்று வைத்திருப்பவர்கள். அந்த மாணவியும் அப்படியான ஒரு குடும்பத்திலிருந்து வந்தவர்தான். 'மாலபள்ளி' அவருடைய கேள்விக்குப் பாதி விடையையே தருகிறது.

ஒப்பிட்டுப் பார்க்க இன்னும் இரண்டு நூல்கள் உள்ளன. மலையாளத்தில் போத்தேரி குஞ்ஞம்பு என்ற வழக்குரைஞர் 1892இல் எழுதிய 'சரஸ்வதீ விஜயம்' புலையர் ஒருவரை நாயகனாக்கியது. அங்கே கல்வியே விடுதலை. நம் எல்லைக்கு அப்பால் கன்னடத்தில் சிவராம காரந்த் 1933இல் எழுதிய 'சோமன துடி'யின் ஹொலெய உழவன் சோமனுக்குத் தனக்கென ஒரு துண்டு நிலத்தில் உழ வேண்டும் என்பதே ஆசை. அது நிறைவேறாமலே சாகிறான். ஒன்றில் கல்வி, ஒன்றில் நிலம், 'மாலபள்ளி'யில் கூலி. ஓசூரிலிருந்து எட்டும் தொலைவில் இருக்கும் மூன்று மொழிகள், ஒரே துயரத்தின் மூன்று முனைகளைப் பிடித்திருக்கின்றன.

அக்ரகாரத்திலிருந்து புறப்பட்ட தேசியம்

'மாலபள்ளி' திறந்த பாதையில் அடுத்து வந்த நாவல்கள் தொடர்ந்து நடக்கவில்லை. அடிவி பாபிராஜுவின் 'நாராயணராவ்' (1934) ஆந்திரப் பல்கலைக்கழகப் போட்டியில், விசுவநாத சத்தியநாராயணாவின் 'வேயிபடகலு'வுடன் பரிசைப் பகிர்ந்துகொண்ட நாவல். பாபிராஜுவும் ஒத்துழையாமை இயக்கத்தில் சிறை சென்றவர். ஆனால் அவர் நாவலின் களம், வசதியான பிராமணக் குடும்பத்து இளைஞன் ஜமீன்தார் வீட்டுப் பெண்ணை மணக்கும் இல்லறம். தேசிய இயக்கம் அவ்வில்லறத்துக்கு ஒளியூட்டும் விளக்காக வருகிறது. 'வேயிபடகலு'வோ பழைய வருண ஒழுங்கு சிதைவதைப் பேரிழப்பாகப் பாடும் நூல். சிதைந்தால் நல்லது என்று நினைத்தவர்களின் குரலுக்கு அதில் இடமில்லை.

விடுதலைக்குப் பின் எழுந்த நினைவு நாவல்களில் மஹீதர ராமமோகன ராவின் 'கொல்லாயி கட்டிதேநேமி' தனித்து நிற்பது. 1960களில் வந்த இந்நாவல், ஒத்துழையாமைக் காலத்துக் கோனசீமையை மீட்டெடுக்கிறது. கல்லூரியைத் துறந்து ஊர் திரும்பும் பிராமண இளைஞன் ராமநாதம், அக்ரகாரத்தின் ஆசாரங்களோடு மோதுகிறான். அரையில் துண்டு கட்டிய காந்தியைக் குறிக்கும் தலைப்பு அது. இடதுசாரியான ராமமோகன ராவ் காந்திய இயக்கத்தின் உள்முரண்களை அறிந்து எழுதினார். அக்ரகாரத்துக்குள் நடந்த போரை இவ்வளவு நுட்பமாகக் காட்டிய நாவல்கள் குறைவு. எனினும் இங்கே சாதி ஒழிப்பு என்பது பிராமண இளைஞனின் மனச்சான்று கடக்கும் தேர்வாகவே நிகழ்கிறது. அவன் பூணூலோடும் பந்தியோடும் போராடும்போது, சேரியில் அன்றைய கூலி எவ்வளவு என்பது கதைக்கு வெளியே போய்விடுகிறது.

தமிழ் வாசகருக்கு இது புதிதன்று. கல்கியின் 'தியாக பூமி'யையும் 'அலை ஓசை'யையும் இதே கேள்வியோடு திருப்பிப் பாருங்கள்.

தெலங்கானாவின் வெட்டி

நிஜாம் ஆட்சியிலிருந்த தெலங்கானாவில் விடுதலைக்கு வேறு முகம் இருந்தது. அங்கே எதிரில் நின்றவர்கள் நிஜாமும் 'தொர' எனப்பட்ட நிலப்பிரபுக்களும். வட்டிகோட்ட ஆழ்வாருசாமி (1915–1961) எழுதிய 'பிரஜல மனிஷி' (1955), தாசரதி ரங்காசார்யாவின் 'சில்லர தேவுள்ளு' (1969) ஆகியவை அந்த உலகத்தின் ஆவணங்கள். ஆந்திர மகாசபையின் விழிப்பு முதல் ஆயுதப் போராட்டத்தின் முற்பொழுது வரையிலான காலத்தை இவை கிராமத்தின் மட்டத்திலிருந்து காட்டுகின்றன.

இவற்றின் மையச் சொல் 'வெட்டி': கூலியில்லாக் கட்டாய உழைப்பு. சாதிவாரியாக வகுக்கப்பட்ட உழைப்பு அது. சுமை தூக்குவது, செய்தி கொண்டுபோவது, தொரயின் வீட்டுக்குச் செருப்பும் தோலும் தருவது எல்லாம் கடைசியில் மாலர், மாதிகர் தலையிலேயே விழும். இச்சொல் தமிழுக்கும் அந்நியமன்று. 'வெட்டி வேலை', 'வெட்டியான்' என்ற நம் சொற்களில் அதே உழைப்பின் வரலாறு உறைந்திருக்கிறது. பயனற்ற வேலையை 'வெட்டி' என்கிறோம், யாருக்குப் பயனற்றது? உழைத்தவனுக்குத்தான்.

அரசமைப்புச் சட்டத்தின் 23ஆம் உறுப்பு வெட்டி உழைப்பையும் கட்டாய உழைப்பையும் தடை செய்கிறது. 1982இல் ஆசிய விளையாட்டுக் கட்டுமானத் தொழிலாளர் வழக்கில், குறைந்தபட்ச ஊதியத்துக்குக் கீழே கூலி கொடுத்து வேலை வாங்குவதே 23ஆம் உறுப்பு தடுக்கும் கட்டாய உழைப்பு என உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பசியின் நிர்ப்பந்தமும் நிர்ப்பந்தமே என்று அத்தீர்ப்பு ஏற்றது. 'பிரஜல மனிஷி'யைப் படித்தவருக்கு அத்தீர்ப்பு எளிதில் விளங்கும்; தீர்ப்பைப் படித்தவருக்கு நாவலின் வெட்டி பழங்கதையாகத் தோன்றாது.

சேரியிலிருந்தே எழுந்த குரல்

அந்தக் காலத்தில் தலித்துகள் மௌனமாக இருந்தார்களா? இல்லை. பாக்ய ரெட்டி வர்மாவின் தலைமையில் 1917இல் விஜயவாடாவில் கூடிய மாநாடு, 'பஞ்சமர்' என்ற பெயரைத் துறந்து 'ஆதி ஆந்திரர்' என்ற பெயரை ஏற்றது. எம்.சி. இராஜாவின் முயற்சியையொட்டி 1922இல் சென்னை அரசு ஆதி திராவிடர், ஆதி ஆந்திரர் என்ற பெயர்களை ஏற்று ஆணையிட்டது. 'மாலபள்ளி' வெளியானதும் அதே ஆண்டுதான். நாவல் சேரிக்குச் சாதிப் பெயரைத் தலைப்பாக வைத்த ஆண்டிலேயே, சேரி தனக்கு வேறு பெயரைத் தானே சூட்டி அரசாணையும் பெற்றிருந்தது.

1920களின் தொடக்கத்தில் கரிமெள்ள சத்தியநாராயணா வெள்ளையரின் துரைத்தனத்தை எதிர்த்துப் பாடிய பாட்டு ஆந்திரமெங்கும் ஒலித்து அவரைச் சிறைக்கு அனுப்பியது. அதற்கு இராஜமுந்திரியின் தலித் கவிஞர் குசும தர்மண்ணா ஒரு மறுபாட்டு எழுதினார். வெள்ளைத் துரைத்தனம் போய்க் கறுப்புத் துரைத்தனம் வருவதானால் அதுவும் எங்களுக்கு வேண்டாம் என்பது அதன் சாரம். குர்ரம் ஜாஷுவாவின் 'கப்பிலம்' (1941), கோயிலுக்குள் தடையின்றிப் பறக்கும் வௌவாலிடம் தீண்டப்படாதவன் தன் முறையீட்டைச் சொல்லியனுப்பும் காவியம். பாட்டிலும் செய்யுளிலும் குரல் இருந்தது. பெருநாவலாக அது வர மேலும் பல பத்தாண்டுகள் ஆயின.

ஜி. கல்யாண ராவின் 'அந்தரானி வசந்தம்' 2000இல் நூலாக வந்தது. தமிழில் ஏ.ஜி. எத்திராஜுலுவின் மொழிபெயர்ப்பில் 'தீண்டாத வசந்தம்' என்ற பெயரில் கிடைக்கிறது. முதிய பெண் ரூத்தின் நினைவுகளாக விரியும் கதை. கூத்தும் பாட்டுமாக வாழ்ந்த எல்லண்ணா, அவன் மனைவி சுபத்ரா. பஞ்சத்தில் பிழைப்புத் தேடிப் புறப்படும் சிவய்யா, சசிரேகா. கிறித்தவத்துக்கு மாறிய தலைமுறை. நக்சல்பாரி இயக்கத்துக்குப் போன தலைமுறை எனத் தலைமுறைகளின் வரிசை அது.

சிவய்யாவும் சசிரேகாவும் பக்கிங்காம் கால்வாய்ப் பஞ்ச வேலைக்குப் போகிறார்கள். 1876–78 பெரும்பஞ்சத்தின்போது அரசு நடத்திய நிவாரணப் பணி அது. மண் வெட்டும் கூலி வேலையிலும் தீண்டப்படாதவர்களைச் சேர்க்கக் கூடாது என்று சாதிக் கூலிகள் விரட்டுகிறார்கள். அங்கே வெள்ளைக்காரனின் சம்பளப் பட்டியல் இருக்கிறது; அதில் பேர் எழுதவிடாமல் தடுப்பவன் சக இந்தியன், அவனும் பசித்தவன். தேசிய நாவல்கள் எழுதத் தயங்கிய காட்சி இது. விடுதலை இயக்கத்தைப் பற்றிய தேசிய நாவல்களின் வரலாறு பெரும்பாலும் 1920இல் தொடங்கி 1947இல் முடியும். கல்யாண ராவ் அதைப் பஞ்சத்திலிருந்து தொடங்கி, 1947ஐத் திருப்புமுனையாக்காமல் கடந்து, இருபதாம் நூற்றாண்டின் கடைசிப் பகுதிவரை கொண்டுபோகிறார். அப்படிக் கடப்பதே ஒரு தீர்ப்பு.

அத்தீர்ப்பு மிகையென்று நினைப்பவர்கள் நாவலுக்கு வெளியே நடந்ததைப் பார்க்கலாம். 1985 ஜூலை 17 காரம்சேடு: குடிநீர் குறித்த தகராறிலிருந்து மாதிகர்கள் படுகொலை. 1991 ஆகஸ்ட் 6 சுண்டூர்: 8 தலித்துகள் கொலை. சுண்டூர், உன்னவாவின் அதே குண்டூர் மாவட்டத்தில் இருந்தது. அவ்வூரிலேயே சிறப்பு நீதிமன்றம் அமைத்து 2007இல் வழங்கப்பட்ட தண்டனைகளை 2014இல் உயர் நீதிமன்றம் இரத்து செய்தது. தமிழ்நாட்டில் 1968 டிசம்பர் 25 கீழ்வெண்மணி: 44 உயிர்கள். அங்கேயும் தகராறின் தொடக்கம் கூலி நெல்லின் அளவு. சங்கதாசுவைக் கொன்ற அதே கணக்கு.

எல்லைப்புறத்தில் இந்த நூல்கள்

இனி நம் ஊருக்கு வருவோம். 2004இல் தருமபுரியிலிருந்து பிரிந்த கிருஷ்ணகிரி மாவட்டம் ஆந்திரத்தையும் கர்நாடகத்தையும் ஒருங்கே தொட்டு நிற்கிறது. வேப்பனப்பள்ளி, சூளகிரி, பர்கூர்ப் பக்கங்களில் தெலுங்கும், தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கங்களில் கன்னடமும் தமிழோடு கலந்து புழங்குகின்றன. 1970களில் சிப்காட் வந்தபின் ஓசூர் தொழில் நகரமானது, 2019இல் மாநகராட்சியானது. வண்டி உதிரிபாகம், கடிகாரம், துணி, பூ என்று எல்லாவற்றுக்கும் ஆள் வேண்டும். நிலமற்ற சேரிகளிலிருந்து ஒப்பந்த ஆட்களாக இளைஞர்கள் வருகிறார்கள்.

இவர்களின் தெலுங்கு, வீட்டுத் தெலுங்கு. பேச்சும் பாட்டும் வசவும் தாலாட்டும் அதில் உண்டு, எழுத்து இல்லை. 2006இன் தமிழ் கற்றல் சட்டம் மொழிச் சிறுபான்மைப் பள்ளிகளைப் பற்றி எழுப்பிய வழக்குகள் நீண்டன. அவ்வழக்குகளில் தெலுங்கு எனப்பட்டது பள்ளித் தெலுங்கு. சேரியின் தெலுங்குக்காக யாரும் வாதாடவில்லை. நான் தமிழைக் குறைத்துப் பேசவில்லை. தமிழ் வழியேதான் இப்பிள்ளைகள் படித்தார்கள், தமிழில்தான் மனு எழுதுகிறார்கள், இக்கட்டுரையும் தமிழில்தான் இருக்கிறது. ஆனால் தங்கள் வரலாற்றில் பாதி வேறொரு லிபியில் பூட்டிக்கிடக்கிறது என்பதையே அவர்கள் அறியாதிருப்பது இழப்பு.

அந்த இழப்புக்கு அரசியல் விலையும் உண்டு. தெலுங்கு பேசும் அருந்ததியர்களை 'வந்தேறிகள்' எனச் சுட்டும் பேச்சு தமிழ்நாட்டில் அவ்வப்போது தலைதூக்குகிறது. 2023 ஈரோடு கிழக்கு இடைத்தேர்தல் பரப்புரையில் அருந்ததியரின் வருகை பற்றிய பேச்சு வழக்குவரை போனது. சட்டம் சொல்வது வேறு. 2009இன் அருந்ததியர் உள் இடஒதுக்கீட்டுச் சட்டம், பட்டியல் சாதியினருக்கான 18 விழுக்காட்டுக்குள் 3 விழுக்காட்டை அருந்ததியர், சக்கிலியன், மாதாரி, மாதிகா, பகடை, தோட்டி, ஆதி ஆந்திரர் ஆகிய 7 பிரிவினருக்கு ஒதுக்கியது. 2004இல் ஈ.வி. சின்னையா வழக்கில் ஆந்திரத்தின் உட்பிரிவுச் சட்டத்தை வீழ்த்திய உச்ச நீதிமன்றம், 2024 ஆகஸ்ட் 1 அன்று தவிந்தர் சிங் வழக்கில் 7 நீதிபதிகள் அமர்வின் 6–1 பெரும்பான்மைத் தீர்ப்பால் அந்நிலையை மாற்றியது. தமிழ்நாட்டின் சட்டமும் நிலைத்தது.

பட்டியலின் கடைசியில் இருக்கும் 'ஆதி ஆந்திரர்' 1917இல் சேரி தனக்குத் தானே சூட்டிக்கொண்ட பெயர். சாதிச் சான்றிதழில் அச்சொல்லைப் பார்க்கும் மாணவர் அதை வேற்று மாநில முத்திரையாக எண்ணிக் கூச வேண்டியதில்லை. அப்பெயர் உருவான காலத்தில் மாநில எல்லையே இல்லை. குண்டூரும் ஓசூரும் ஒரே சென்னை மாகாணம். ஒரே அரசு 'மாலபள்ளி'யைத் தடை செய்தது. ஒரே அரசாணை இருபக்கத்துச் சேரிகளுக்கும் பொருந்தியது.

நெல்லுக்குப் பதில் பஞ்சப்படி

'மாலபள்ளி'யின் கூலித் தகராறு இன்று எங்கே இருக்கிறது? என்னிடம் வந்த ஓர் ஒப்பந்தத் தொழிலாளியின் சம்பளச் சீட்டில் இருந்தது. பெயர் சொல்லத் தேவையில்லாத ஒரு தொழிற்கூடம். அடிப்படைச் சம்பளம் என்று ஒரு தொகை, பிடித்தங்கள், மீதி. பஞ்சப்படி என்ற கட்டம் வெறுமையாக இருந்தது. மூன்று ஆண்டுகளாக அவர் தொகை ஏறவில்லை. "கையில காசு வருது சார், ஆனா கடைக்குப் போனா பத்தல" என்றார்.

1948இன் குறைந்தபட்ச ஊதியச் சட்டத்தை எழுதியவர்கள் இந்தக் கணக்கை அறிந்திருந்தார்கள். ஊதியம் பணமாகவே தரப்பட வேண்டும், வழக்கமுள்ள இடங்களில் அரசு அனுமதித்தால் மட்டும் பொருளாகத் தரலாம் என்றது அதன் 11ஆம் பிரிவு. விலைவாசியோடு சேர்ந்து ஏறும் வாழ்க்கைச் செலவுப் படிக்கு வழி செய்தது 4ஆம் பிரிவு. நெல்லாக வாங்கியபோது கூலிக்காரனுக்கு இயல்பாகக் கிடைத்த பாதுகாப்பு, காசுக்கு மாறியபின் பஞ்சப்படியாக வர வேண்டும். பஞ்சப்படி இல்லாத காசுக் கூலி, சௌதரய்யா கொடுக்க நினைத்த கூலியே. வேலையிடத்தில் சங்கம் வைப்பவனை முதலில் வெளியே அனுப்பும் வழக்கமும் 1922இலிருந்து அதிகம் மாறவில்லை. சங்கதாசுவின் பெயரிலேயே சங்கம் இருக்கிறது.

எனவே, வாசிப்பு வட்டங்களுக்கு ஒரு பரிந்துரை. 'தீண்டாத வசந்தம்' தமிழில் கிடைக்கிறது, அதிலிருந்து தொடங்குங்கள். பின் 'மாலபள்ளி'க்குப் போங்கள். தெலுங்கு வாசிக்கத் தெரிந்த முதியவரோ ஆசிரியரோ பக்கத்து ஊரில் இருப்பார். அவரை அழைத்து வாரம் ஓர் அத்தியாயம் உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். சேரித் தெலுங்குக்காரர்களுக்குக் காதால் கேட்டால் பெரும்பகுதி புரியும். புரியாததைத் தமிழில் பேசிக்கொள்ளலாம். ஒவ்வொரு நாவலிலும் யார் யாருக்கு என்ன கூலி கொடுத்தார்கள் என்பதை ஒரு நோட்டில் குறித்து வாருங்கள். பெரும்பாலான தேசிய நாவல்களில் அந்த நோட்டு வெறுமையாக இருக்கும். அந்த வெறுமையும் ஒரு சான்றுதான்.

கேள்வி கேட்ட மாணவி இப்போது தெலுங்கு அரிச்சுவடி எழுதிப் பழகுகிறார். முதலில் எழுதிப் பார்த்த முழுச் சொல் எது என்று கேட்டேன். தன் பாட்டியின் பெயர் என்றார்.